ஆத்தங்குடிக் கல்லில் வெள்ளைப் பூப்பு

தரையில் பதித்த 3 வாரத்தில் ஆத்தங்குடிக் கல்லில், அதாவது செட்டிநாட்டு ஆத்தங்குடியின் பூப்போட்ட தரைக் கல்லில், வெள்ளையாக உப்புப் பூத்ததற்கு ஆசிட் போடலாமா என்கிறீர்கள். போடவே கூடாது. இந்தக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்ட் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்த கல். ஆசிட் பட்டால் பூ வேலையே அரித்துப்போகும்.

அநேகமாக அடியிலிருக்கும் ஈரம்தான் உப்பை மேலே தள்ளுகிறது. ஒரு கல்மேல் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 2 நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்தால் ஈரம் இன்னும் இருக்கிறது; பளபளப்புக்குத் தடவும் எண்ணெய் இப்போது வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றுங்கள்.

நன்றாகக் காய்ந்த அப்புறம் துளி தேங்காய் எண்ணெய் போதும். மீதிப் பளபளப்பு கால் பட்டுப் பட்டுத்தான் வரும். எங்கள் அப்பத்தா வீட்டு இரண்டாங்கட்டில் (உள்முற்றப் பகுதியில்) ஆள் நடக்கும் தடம் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கும்.

சுவரோரம் மட்டும் திரும்பத் திரும்பப் பூத்தால் குழாய்க் கசிவாக இருக்கலாம். கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.