மலத்தைச் சோதிக்கிற வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள்

அம்மா, ஆரோக்கியமானவரின் மலத்தைக் கொண்டு குழந்தைகளின் குடல் நோயைக் குணப்படுத்தும் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று நேற்று உங்கள் மகள் பேசிய நேரம் முழுக்க நீங்கள் அவளுடைய நீட் மதிப்பெண் தாளை நாலாக மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தீர்கள். "இவ்வளவு படிச்சிட்டு மலத்தை வச்சு ஆராய்ச்சி பண்ணப் போறாளாம் சார்" என்றதும் அவள் தலை குனிந்துவிட்டது. அவள் முன்னால் வாதாட மனம் வராததால் இதை எழுதுகிறேன்.

ஆண்டிபயாடிக் அடுத்தடுத்துச் சாப்பிடும்போது குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவும் அழிகிறது, அந்த இடத்தைக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி.டிஃப் என்கிற கிருமி பிடித்துக்கொள்கிறது. மருந்து கொடுத்தால் வயிற்றுப்போக்கு நிற்கும். ஆனால் அந்தக் கிருமியின் வித்துகள் எந்த மருந்துக்கும் சாகாமல் குடலுக்குள்ளேயே கிடந்து, மருந்தை நிறுத்தியதும் மறுபடி முளைக்கும். இப்படித் திரும்பத் திரும்ப அவதிப்படுகிறவர்களுக்கு ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைச் சலைனில் கரைத்து, வடிகட்டி, குழாய் வழியாகக் குடலுக்குள் செலுத்துகிறார்கள். 2013-இல் நெதர்லாந்தில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில் ஒரே தடவை செலுத்தியதில் 16 பேரில் 13 பேருக்குக் குணமானது. வான்கோமைசின் என்கிற ஆண்டிபயாடிக் மட்டும் சாப்பிட்ட 13 பேரில் 4 பேருக்குத்தான். அமெரிக்காவில் சிறுவர்கள், இளைஞர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்த ஆய்விலும் பத்தில் எட்டுப் பேர் முதல் தடவையிலேயே தேறினார்கள். அங்கே 2022-லும் 2023-லும் அனுமதி பெற்ற, மலத்திலிருந்து தயாரிக்கிற இரண்டு மருந்துகளுமே 18 வயது நிரம்பியவர்களுக்குத்தான். அதாவது குழந்தைகளுக்கான வேலை இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்த வேலையில் பெரும்பங்கு லேபில் நடப்பது. மலம் கொடுக்க முன்வருகிற நூறு பேரில் தேறுவது ஒரு சிலர்தான். ரத்தம், மலம் இரண்டையும் சோதித்து, மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று பார்த்து, கிளிசரின் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். 2019-இல் அமெரிக்காவில் அந்தச் சோதனை செய்யாத மலத்தால் ஒரு நோயாளி இறந்தே போனார். அருவருப்பு படாமல், அவசரப்படாமல் உட்கார்ந்து பார்க்கிற ஒரு ஆள் அங்கே எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். முதலில் அவளிடம் ஒன்றைக் கேளுங்கள்: நோயாளி பக்கத்தில் நிற்க ஆசையா, மைக்ராஸ்கோப் பக்கத்திலா? நோயாளிதான் என்றால் குறுக்கு வழி கிடையாது, நீட்டை மறுபடி எழுதித்தான் ஆக வேண்டும். எம்.பி.பி.எஸ்., எம்.டி., அப்புறம் குடல், இரைப்பை நோய்களுக்கான டி.எம். கேஸ்ட்ரோ என்று பதினோரு வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். லேப்தான் என்றால் பி.எஸ்சி. மைக்ரோபயாலஜிக்கு நீட் வேண்டாம். ஆனால் வெறும் பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் கைக்கும் வாய்க்கும்தான் சரியாக இருக்கும். எம்.எஸ்சி. கட்டாயம், முடிந்தால் நெட் (நீட் இல்லை, ஆராய்ச்சிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதி பிஎச்.டி. வேலூர் சி.எம்.சி.யில் குழந்தைகளின் குடல் தொற்று பற்றி எத்தனையோ வருஷமாக ஆராய்ச்சி நடக்கிறது. கொல்கத்தாவில் காலராவை ஆராய்கிற மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது.

எம்.எஸ்சி. முடித்தாலும் அவள் டாக்டர் ஆக முடியாது, இதை இப்போதே இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வரும்போது அவளுடைய அப்பாவையும் கூட்டி வாருங்கள், அந்த மதிப்பெண் தாளை மட்டும் இனி மடிக்காமல் கொண்டு வாருங்கள்.