கேரவனில் கேரளக் கடற்கரை: ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது?

கேள்வி: மே லீவில் ஆறு பேர், அப்பா அம்மா பிள்ளைகளோடு, நாகர்கோவிலிலிருந்து ஆலப்புழை வரை கடலோரமாக நான்கு நாள் கேரவனில் போகிறோம். கடற்கரையிலேயே நிறுத்தித் தூங்கலாமா? தங்குமிடத்தை எதை வைத்துத் தேர்வு செய்வது?

பதில்: கடற்கரையில் தூங்கும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். போலீஸ் வந்து கதவைத் தட்டுவது இருக்கட்டும், மே மாதத்தில் எங்கள் பக்கத்துக் கடலை நம்ப முடியாது. காற்று இருக்காது, மழை இருக்காது, ஆனால் தண்ணீர் தெருவுக்குள் வந்து நிற்கும். திருடன் மாதிரி வருவதால் மீனவர்கள் அதைக் கள்ளக்கடல் என்பார்கள். ரொம்பத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில் வீசும் புயல் கிளப்பிய அலை பல நாள் பயணம் செய்து இங்கே வந்து ஏறுகிறது. 2012இல் யுனெஸ்கோவும் இந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் நாகர்கோவில் பக்கத்துக் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துப் போனது இப்படி எச்சரிக்கை விட்டிருந்த சமயத்தில்தான். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே தருகிறது. தினமும் காலையில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பகலில் கடலைப் பாருங்கள், ராத்திரி அரை கிலோமீட்டராவது உள்ளே தள்ளி, கொஞ்சம் மேடான இடத்தில் படுங்கள்.

சரி, அந்த இடம் எது? வெளிநாட்டு வீடியோக்களில் வரும் முகாம் மைதானங்களை மனதில் வைத்துத் தேடினால் ஏமாற்றம்தான். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. கேரவன் பார்க் என்றால் குறைந்தது 50 சென்ட் நிலம், ஐந்து வண்டிக்கு இடம் என்று விதியும் வைத்தது. ஆனால் முதல் பார்க் அமைந்தது வாகமண் மலையில். கடலோரத்தில் நம் கைக்கு எளிதில் கிடைப்பது ஹோம்ஸ்டே, ரிசார்ட் காம்பவுண்டுகள்தான்.

அங்கே போன் செய்து "பார்க்கிங் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் "உண்டு, வன்னோளூ" (இருக்கு, வாங்க) என்பார்கள். வர்க்கலை பக்கம் ஒரு ரிசார்ட்டில் அப்படித்தான் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தது ராத்திரி ஒன்பது மணி. வாசலில் ஓடு வேய்ந்த அழகான படிப்புரை (வாசல் மண்டபம்), அதன் உத்தரம் எங்கள் வண்டியின் ஏசி பெட்டிக்கு ஒரு சாண் கீழே. வெளியே ரோட்டோரமாகத்தான் படுத்தோம். அதனால் வாடகைக்கு எடுக்கும்போதே வண்டியின் உயரத்தை ஏசியோடு சேர்த்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வாசல், உள்ளே போகும் வழி, குறுக்கே தொங்கும் வயர் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்து கரண்ட். ஆறு பேர் மே மாதப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் தூங்க முடியாது. வண்டியில் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு இருக்கிறது என்று வையுங்கள். கணக்குப்படி 3.6 யூனிட். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அப்படியானால் 1.8 யூனிட். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தின்னும். பத்து மணிக்குப் போட்டால் பன்னிரண்டு மணிக்குள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். எனவே எர்த் சரியாக உள்ள 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் கட்டாயம். அதற்கு ஏற்ற தடிமனான எக்ஸ்டென்ஷன் வயரையும் கையோடு கொண்டுபோங்கள். வீட்டில் இஸ்திரிப் பெட்டிக்குப் போடும் மெல்லிய வயர் சூடாகி உருகிவிடும்.

தண்ணீரும் அப்படித்தான். 150 லிட்டர் டேங்க் ஆறு பேருக்கு ஒரு நாள் காணும், அதுவும் சிக்கனமாகக் குளித்தால். தினமும் நிரப்ப வேண்டும். கடலோரக் கிணறுகளில் சில இடங்களில் உப்புக் கரிக்கும், ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு டேங்கில் விடுங்கள். கழிவு டேங்கை அவர்களுடைய செப்டிக் டேங்கில் காலி செய்ய விடுவார்களா என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். கூச்சப்பட வேண்டாம். மறுநாள் காலையில் கேட்பதுதான் கூச்சம்.

நிறுத்தும்போது மேலே பாருங்கள். தென்னைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். ஒரு தேங்காய் விழுந்தால் கூரை ஜன்னல் போச்சு, ஒரு மட்டை விழுந்தாலும் அதே கதி. அப்புறம் உள்ளே தரையில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வழிந்தால் சக்கரத்துக்குக் கீழே பலகை கொடுத்து மட்டம் பண்ணுங்கள். சரிவில் படுத்தால் வயதானவர்களுக்குக் காலையில் தலை பாரமாக இருக்கும்.

வழியைப் பொறுத்தவரை, முட்டம், குளச்சல் பார்த்துவிட்டுப் பூவாறு வழியாகக் கடலோரமாகவே போகத் தோன்றும். போகாதீர்கள். விழிஞ்ஞம் வரை மீனவர் தெருக்கள். வலையும் வள்ளமும் பிள்ளைகளுமாக இருக்கும், எதிரே ஒரு மீன் லாரி வந்தால் அரை மணி நேரம் ரிவர்ஸ்தான். களியக்காவிளை வழியாகப் போய், காரோடு–கழக்கூட்டம் பைபாஸைப் பிடியுங்கள். முதல் ராத்திரி கோவளத்தில், கடலை விட்டுத் தள்ளி மேட்டுப் பக்கம். இரண்டாவது வர்க்கலை, ஆனால் குன்றின் விளிம்புக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்தச் செம்மண் பாறை இடிந்து விழும் பாறை. வர்க்கலைக்கு வடக்கே காப்பில் என்ற இடத்தில் ஒரு பக்கம் காயல், மறுபக்கம் கடல், நடுவில் ரோடு. சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்று பார்க்க அதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை, ராத்திரிக்கு மட்டும் ஆகாது. மூன்றாவது ராத்திரி ஆலப்புழை பக்கத்து மாராரிக்குளம்.

வாடகை வண்டி மஞ்சள் போர்டாக இருந்தால் கேரளத்துக்கான பெர்மிட், வரி ரசீது இரண்டையும் நாகர்கோவிலிலேயே உரிமையாளரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். செக்போஸ்டில் நின்றுகொண்டு அவருக்குப் போன் போட்டால் எடுக்க மாட்டார்.

மீன் வாங்குவீர்கள், அது தெரியும். கறியோ பொரியலோ வெளியே அடுப்பு வைத்துச் செய்யுங்கள். உள்ளே ஒருமுறை சாளை பொரித்தோம், வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை தலையணையெல்லாம் சாளைதான்.