வசனத்துக்கு முன்னும் பின்னும்: வாசகர் கேள்வி பதில்

இம்முறை குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பிரசங்கத்தையும் சபை நடப்புகளையும் பற்றியவற்றை எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் சபையில் அடுத்த மாதம் வாலிபர் ஞாயிறு. என்னைப் பிரசங்கம் பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். பாடம் கெட்ட குமாரன் உவமை. நேரம் 20 நிமிடம். இதுவரை பீடத்தில் ஏறியதில்லை. எங்கே தொடங்குவது?
– வாலிபர் சங்கச் செயலாளர், கருங்கல்

முதல் மூன்று நாள் விளக்கவுரையையும் யூடியூப் செய்திகளையும் தொட வேண்டாம், தம்பி. லூக்கா 15ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து கடைசிவரை நாளுக்கு இரண்டு முறை ஜெபத்தோடு வாசியுங்கள். ஒரு முறையாவது சத்தமாக. உவமை 11ஆம் வசனத்தில் தொடங்கினாலும், அதைச் சொன்ன காரணம் முதல் இரண்டு வசனங்களில் இருக்கிறது. ஆயக்காரரும் பாவிகளும் இயேசுவிடம் வருகிறார்கள். இவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாரே என்று பரிசேயரும் வேதபாரகரும் முறுமுறுக்கிறார்கள். அந்த முறுமுறுப்புக்குப் பதிலாகத்தான் காணாமற்போன ஆடு, வெள்ளிக்காசு, குமாரன் என்று மூன்று உவமைகளும் வரிசையாக வருகின்றன.

நம் மேடைகளில் இந்தப் பகுதி பெரும்பாலும் 24ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது. இளையவன் திரும்பி வந்தான், தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டான், விருந்து நடந்தது, ஜெபிப்போம். ஆனால் 25 முதல் 32 வரை மூத்தவனைப் பற்றியது. வயலிலிருந்து வந்தவன் உள்ளே போக மனமில்லாமல் வாசலில் நிற்கிறான். தகப்பன் அவனுக்காகவும் வெளியே வந்து வருந்தி அழைக்கிறான். அவன் உள்ளே போனானா என்று சொல்லாமலே உவமை நின்றுவிடுகிறது. முறுமுறுத்தவர்கள்தான் அந்த மூத்தவன். ஞாயிறு தவறாமல் முன்பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு உரிய பாகமும் அதுதான். அதை விட்டுவிட்டால், சபைக்கு வராத பையன்களைப் பற்றிச் சபைக்கு வந்தவர்களிடம் பேசிவிட்டு இறங்குவீர்கள்.

நான்காம் நாள், சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். உதாரணமாக: ‘தகப்பன் இரண்டு பிள்ளைகளுக்காகவும் வெளியே வந்தார்.’ அந்த வாக்கியத்தோடு ஒட்டாத எதையும், எவ்வளவு நல்ல சாட்சியாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள். இனி விளக்கவுரையைத் திறக்கலாம். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்ட இடத்தை அது காட்டித் தரும். 20 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: முறுமுறுப்பின் பின்னணிக்கு 3, இளையவனுக்கு 6, மூத்தவனுக்கு 8, முடிவுக்கு 3.

புதிதாகப் பேசுகிறவர்கள் தடுமாறும் இடம் ஒத்துவாக்கியங்கள்தான், அதாவது பாடத்தோடு ஒத்துப்போகிற வேறு இடத்து வசனங்கள். பத்து வசனங்களைக் குறித்துவைத்து ஒவ்வொன்றாக எடுக்கச் சொல்வார்கள். வயதானவர்கள் கண்ணாடியைப் போட்டுப் பக்கத்தைப் புரட்டி முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். செய்தி கையைவிட்டுப் போய்விடும். வெளி வசனம் இரண்டுக்கு மேல் வேண்டாம். குறிப்புகள் ஒரே தாளில், பெரிய எழுத்தில் இருக்கட்டும். முடிவுரையை மட்டும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவையுங்கள். ‘கடைசியாக’ என்று மூன்று தரம் சொல்வது முடிவு எழுதப்படாததால்தான். சனிக்கிழமை போனில் நேரம் வைத்து, நின்றுகொண்டு, முழுக் குரலில் ஒருமுறை பேசிப் பாருங்கள். வீட்டில் 16 நிமிடம் வந்தால் பீடத்தில் 20 ஆகும். அதற்கு முன்பே போதகரிடம் தாளைக் காட்டிவிடுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது: ‘அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.’ இந்த வருஷம் முழுக்க வியாதியும் கடனும்தான். வசனம் பொய்யாகுமா? அட்டை எடுப்பதே தவறா?
– ஒரு சகோதரி, மார்த்தாண்டம்

வசனம் பொய்யாகவில்லை, சகோதரி. அட்டையில் அதன் அக்கம்பக்கம் இல்லை, அவ்வளவுதான். 29ஆம் அதிகாரம் ஒரு கடிதம். நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பினார். உங்கள் வசனத்துக்கு நேர் முந்தின 10ஆம் வசனத்தைப் பாருங்கள்: 70 வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பிவரப் பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று 5 முதல் 7 வரை சொல்லப்பட்டிருக்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் நின்று தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்கிறவர்களுக்கு இனித்தது. அவனைக் கர்த்தர் அனுப்பவில்லை என்று 28:15 சொல்கிறது.

ஆகவே அந்த வசனம் ‘இந்த வருஷம் கஷ்டம் வராது’ என்று சொல்லவே இல்லை. கஷ்டத்தின் நடுவிலும் உன்னை மறக்கவில்லை, உன்னைப் பற்றிய என் நினைவு தீமைக்கானது அல்ல என்கிறது. வியாதியோடும் கடனோடும் இருக்கிற உங்களுக்கு அது முன்னைவிட இப்போது அதிகம் பொருந்தும்.

அட்டை எடுப்பதைத் தவறு என்று சொல்ல மாட்டோம். வருஷத் தொடக்கத்தில் ஒரு வசனத்தைக் கையில் வைத்துக்கொள்வது நல்ல வழக்கம். அதைக் குறிபார்க்கும் சீட்டாக எண்ணுவதுதான் தவறு. பிடித்த வசனம் வரும்வரை மறுபடி மறுபடி எடுப்பதும் அதிலிருந்தே வருகிறது. அட்டை அச்சிடும் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: வசனத்தின் கீழே ‘முழு அதிகாரத்தையும் வாசிக்கவும்’ என்று ஒரு வரி போடுங்கள். ஜனவரி முதல் வார வீட்டு ஜெபங்களில் அவரவர் அட்டையின் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கலாம். ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்ற பிலிப்பியர் 4:13 எடுத்தவர்கள் 11, 12ஆம் வசனங்களையும் படிக்கட்டும். காவலில் கட்டப்பட்டிருந்த பவுல் அங்கே பட்டினியிலும் குறைவிலும் மனரம்மியமாயிருக்கக் கற்றதைத்தான் சொல்கிறார். பரீட்சையில் முதலாவதாக வருவதைப் பற்றி அல்ல.

எங்கள் கன்வென்ஷனில் செய்தி சூடுபிடிக்கும்போதெல்லாம் மைக் ஊளையிடுகிறது. சவுண்ட் சர்வீஸை மாற்றியும் தீரவில்லை.
– கன்வென்ஷன் கமிட்டி, அருமனை

ஆளை மாற்றுவதைவிட பாக்ஸ் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். பாக்ஸிலிருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், பெருகி, மறுபடி பாக்ஸ் வழியே வரும்போதுதான் ஊளை எழும்புகிறது. பெரிய பாக்ஸ்கள் பிரசங்கியாருக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். மேடையின் பின்சுவரோரம் வைத்தால் எந்தக் கம்பெனி செட்டானாலும் ஊளையிடும். பிரசங்கம் நடக்கும்போது பாடகர் குழுவின் மைக் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இதை யாரும் கவனிப்பதில்லை. பிரசங்கியார் மைக்கிலிருந்து நான்கு விரல் தூரத்தில் பேசட்டும். தூர நின்று பேசினால் ஆம்ப்ளிஃபயரைக் கூட்ட வேண்டியிருக்கும், ஊளை உடனே வரும். மைக்கின் தலையைக் கையால் பொத்திப் பிடிப்பதும் அதே கேட்டைச் செய்யும். மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்காக வைக்கும் பாக்ஸின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல்தான் அளவு. கடைசி ஜெபம் 9.30க்குள் முடியும்படி நிகழ்ச்சியைப் போடுங்கள். கூம்பு ஒலிபெருக்கியைத் தெருமுனைவரை கட்டாதீர்கள். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் படுக்கையில் கிடக்கிற பாட்டியும் நாம் நேசிக்க வேண்டிய அயலார். அவர்களைத் தூங்கவிடாமல் அறிவிக்கிற சுவிசேஷம் அவர்கள் காதில் சுவிசேஷமாக விழாது.

கேரளத்திலிருந்து பிரசங்கியார் வருகிறார். நான்தான் மலையாளத்திலிருந்து மொழிபெயர்க்க வேண்டும்.
– ஒரு ஆசிரியர், களியக்காவிளை

அவர் எடுக்கப்போகும் வசனங்களை முந்தின நாளே வாங்கி, தமிழ் வேதாகமத்தில் தாள் வைத்து அடையாளம் செய்யுங்கள். வசனத்தை மட்டும் நீங்களாக மொழிபெயர்க்காமல் அப்படியே வாசியுங்கள். ஒரு முழு வாக்கியம் முடிந்தபிறகு நிறுத்தச் சொல்லி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரை வாக்கியத்தில் நிறுத்தினால் வினை வராமல் நீங்கள் அந்தரத்தில் நிற்பீர்கள். 40 நிமிடக் கூட்டத்தில் அவருக்குக் கிடைப்பது 20 நிமிடம்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் அழுதால் நீங்களும் அழ வேண்டியதில்லை; தெளிவாகச் சொன்னால் போதும்.

ஓய்வுநாள் பள்ளி வினாடிவினாவுக்கு: நம் மாவட்டத்தில் சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையின் ஊழியம் எங்கே தொடங்கியது?
– ஆசிரியை, தக்கலை

மயிலாடியில். அவ்வூர் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டுத் திரும்பி, மிஷனெரியை அழைத்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806இல் வந்தார். 1809இல் அங்கே ஆலயம் எழும்பியது. 1816இல் அவர் போன பிறகு, அடுத்த மிஷனெரி மீட் ஐயர் வரும்வரை சபைகளைக் கவனித்தவர் வேதமாணிக்கமே. வினாத்தாளில் வெள்ளைக்கார மிஷனெரியின் பெயரை மட்டும் கேட்காமல் இவர் பெயரையும் கேளுங்கள்.

போதகர் ஊரில் இல்லாதபோது அடக்க ஆராதனையில் நான் பேச வேண்டியிருக்கிறது. பந்தலில் பிற மதத்தாரும் இருப்பார்கள். மனந்திரும்புதலைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சமயம் உண்டா?
– சபை மூப்பர், குலசேகரம்

உயிர்த்தெழுதலைப் பேசுங்கள், ஐயா, பயங்காட்ட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். வெயிலில் பந்தலுக்கு வெளியே நிற்கிறவர்கள் உண்டு. பெட்டியின் பக்கத்தில் இரவெல்லாம் விழித்த மனைவியும் பிள்ளைகளும் உண்டு. யோவான் 11 போதும். லாசருவை எழுப்பப் போகிறார் என்று அறிந்தும் இயேசு 35ஆம் வசனத்தில் கண்ணீர் விடுகிறார். அதனால் ‘விசுவாசிகள் அழக்கூடாது’ என்று அந்த வீட்டாரிடம் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ‘நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்’ என்ற 25ஆம் வசனத்தை மெதுவாக இருமுறை வாசியுங்கள்.

இறந்தவர் எங்கே போனார் என்று தீர்ப்பளிக்காதீர்கள். அது நம் கையில் இல்லை. மரணத்தின் காரணத்தைத் தொடாதீர்கள், முக்கியமாகத் தற்கொலையாக இருந்தால். சபை வரி பாக்கி, ஆராதனைக்கு வராதது போன்றவற்றை ஜாடையாகக்கூடச் சொல்ல வேண்டாம். முன்னதாகவே வீட்டாரிடம் பெயர், வயது, பேரப்பிள்ளைகள் விவரத்தைக் கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைத் தவறாகச் சொன்னால் அந்தக் குடும்பம் மறக்காது. மூன்றாம் வாரம் அந்த வீட்டுக்கு மறுபடி போங்கள். கூட்டம் கலைந்த பிறகுதான் அவர்கள் கேள்வி கேட்பார்கள்.

ஒவ்வொரு வருஷமும் வேதாகமத்தை முழுதும் வாசிக்கத் தொடங்குவேன். லேவியராகமத்தில் நின்றுபோகும்.
– பெயர் வேண்டாம், குளச்சல்

மொத்தம் 1189 அதிகாரம். தினம் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23, வருஷத்தில் முடிந்துவிடும். மூன்றையும் ஒரே இடத்திலிருந்து எடுக்காமல் பழைய ஏற்பாட்டில் இரண்டு, புதிய ஏற்பாட்டில் ஒன்று என்று வையுங்கள். புதிய ஏற்பாடு முதலில் முடிந்துவிடும்; அதன் பிறகு மூன்றையும் பழைய ஏற்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். லேவியராகமம் வரும் நாட்களில் எபிரெயருக்கு எழுதின நிருபத்தைச் சேர்த்து வாசித்தால் பலிகளின் காரணம் பிடிபடும். ஒரு நாள் விட்டுப்போனால், விட்டதைச் சேர்த்து ஆறாக வாசிக்காமல் அன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். விட்டதை ஞாயிறு மத்தியானம் பார்த்துக்கொள்ளலாம்.