போஸ்டர் பரிசு: இயற்பியல் மாணவர் கேள்விகளும் பதில்களும்

அணுசக்தித் துறையின் திடநிலை இயற்பியல் கருத்தரங்கு போன்ற கூட்டங்களுக்குப் போஸ்டர் தயாரிக்கும் முதுநிலை, ஆய்வு மாணவர்கள் கேட்டவை.

நடுவர் பார்ப்பது போஸ்டரின் அழகையா, ஆய்வையா?

இரண்டையும்தான். ஆனால் அழகு ஆளை நிறுத்துவதோடு சரி. அதன்பின் உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம்; மதிப்பெண் பெரும்பாலும் அதில்தான் விழுகிறது. எதை அளந்தீர்கள், எவ்வளவு வந்தது, பிழை எவ்வளவு, அதில் உங்கள் கை பட்டது எது. இந்த நான்கையும் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லப் பழகுங்கள். மீதி நேரம் நடுவருடையது.

ஏ0 அளவு கேட்கிறார்கள். ஃப்ளெக்ஸ் கடையில் அடி கணக்கில்தானே அடிக்கிறார்கள்?

இங்கேதான் பலருக்கு இடறுகிறது. ஏ0 என்பது 841 × 1189 மி.மீ., அதாவது சுமார் 33.1 × 46.8 அங்குலம். கடைக்காரர் "3க்கு 4" என்று எழுதிக்கொண்டு, கோப்பை இழுத்து அந்த அளவை நிரப்பிவிடுவார். அகலம் கிட்டத்தட்ட 9 விழுக்காடு கூடும், உயரம் 2.5 விழுக்காடுதான் கூடும். எலக்ட்ரான் விளிம்புவிலகல் வளையங்கள் ஒட்டியிருந்தால் வட்டம் முட்டையாகிவிடும். நுண்ணோக்கிப் படமும் அகலவாக்கில் நீண்டு, துகள்களின் வடிவம் மாறிவிடும். கூர்ந்து பார்க்கும் நடுவர் முதலில் கேட்பது அதைத்தான். "இழுக்க வேண்டாம், சுற்றி வெள்ளை விட்டு அடியுங்கள்" என்று சொல்லி, அச்சான பிறகு ஒரு வளையத்தைக் குறுக்கிலும் நெடுக்கிலும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். பலகை நெடுக்குவாக்கா, கிடைவாக்கா என்பதையும் அறிவிப்பில் பார்த்துவிட்டு வடிவமைக்கத் தொடங்குங்கள்.

எழுத்து எத்தனை புள்ளி? படத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 படப்புள்ளி) கட்டாயமா?

பத்திகளின் எழுத்து 24 புள்ளிக்குக் கீழே போக வேண்டாம். 24 புள்ளி என்பது 8.5 மி.மீ.; அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய பாதி, 4 மி.மீ. சொச்சம். ஒன்றரை மீட்டரில் சிரமமின்றிப் படிக்க அதுதான் வரம்பு. வரைபட அச்சுகளின் எண்களுக்கும் இதே கணக்கு. அவைதான் பெரும்பாலும் பூச்சி மாதிரி இருக்கும்.

300 டிபிஐ அவசியமில்லை. கண் பிரித்தறிவது சுமார் ஒரு பாகைநிமிடம், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அது 0.29 மி.மீ., அதாவது 87 டிபிஐ. 150 தாராளம். வரைபடங்களை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல், பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் பிடிஎஃப் ஆகவே வையுங்கள்.

எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ் கதிர் விளிம்புவிலகலில்) உச்சியின் அகலத்திலிருந்து படிகத்துகளின் அளவைக் கணிக்கும் ஷெரர் சூத்திரம் போட்டு 23.88 நானோமீட்டர் என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

அந்த ".88" உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். துத்தநாக ஆக்சைடின் 36.3 பாகை உச்சியை எடுத்துக்கொள்வோம். அரை உயரத்தில் அகலம் 0.35 பாகை, தாமிரக் கதிர் 1.5406 ஆங்ஸ்ட்ராம், மாறிலி 0.9. கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காவிட்டால் 23.9 வரும். கருவி அகலம் 0.10 பாகை என்றால், உச்சி காஸியன் வடிவம் என்று வர்க்கமாகக் கழித்தால் 24.9, லோரன்சியன் என்று நேராகக் கழித்தால் 33.4. ஒரே தரவு, மூன்று விடை! எந்த முறை, கருவி அகலத்தை எந்த நியம மாதிரியில் அளந்தீர்கள் என்று எழுதிவிட்டு "சுமார் 25" என்று போடுங்கள். உச்சியின் வடிவத்தைச் சரிபார்க்காதவர் "25 முதல் 33 வரை" என்று வீச்சாகச் சொல்வதே நேர்மை. அகலத்தை ரேடியனாக மாற்ற மறந்தால் 0.4 நானோமீட்டர் வரும். அது ஓர் அலகுக்கூட்டின் அளவுதான்.

மாதிரியை வெளியே அனுப்பித்தான் அளந்தேன். சொன்னால் மதிப்பெண் குறையுமா?

குறையாது, பலரும் அப்படித்தான். "அவர்களே எடுத்துக் கொடுத்தார்கள்" என்று நிறுத்திக்கொண்டால்தான் குறையும். படி அளவு, ஒரு படிக்கு எத்தனை விநாடி, கே-ஆல்ஃபா இரண்டாம் கோட்டை நீக்கினார்களா, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். மாதிரியைச் செய்தது நீங்கள். எந்த வெப்பநிலையில் எத்தனை மணி நேரம், ஏன் அந்த வெப்பநிலை என்பதில் தடுமாறக் கூடாது.

என்னுடையது வெறும் கணக்கீடு. கருவிப் படமே இல்லையே?

அதற்குப் பதில் ஒருங்கல் வரைபடம் வையுங்கள்: வெட்டு ஆற்றலையும் (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பு) கே-புள்ளிகளையும் (தலைகீழ் வெளியில் கணக்கிடும் புள்ளிகள்) கூட்டும்போது மொத்த ஆற்றல் எங்கே நிலைக்கிறது என்று. சின்னதாக, ஓரத்தில் இருந்தால் போதும்.

வண்ண வரைபடத்துக்கு வானவில் நிறம் நன்றாகத் தெரிகிறதே?

தெரிகிறது, ஆனால் பொய் சொல்கிறது. மஞ்சள் பட்டை இல்லாத விளிம்பை இருப்பதுபோலக் காட்டும்; சிவப்பு பச்சை பிரியாத கண்ணுக்கு நடுவிலுள்ள பச்சையும் முனையிலுள்ள சிவப்பும் குழம்பும். பைத்தானில் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப் 2017இல் 2.0 பதிப்போடு, ஊதாவிலிருந்து மஞ்சள்வரை சீராக வெளுக்கும் விரிடிஸை இயல்பு நிறமாக்கியதற்குக் காரணமே அதுதான்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது, சார்.

எளிய வாக்கியம் போதும். விரலை வரைபடத்தில் வைத்து, முதலில் கிடை அச்சு என்ன, செங்குத்து அச்சு என்ன என்று சொல்லித் தொடங்குங்கள். பாதி பதற்றம் அங்கேயே அடங்கும். விடை தெரியாவிட்டால் மழுப்பாமல், "இதை முடிவு செய்ய இன்ன அளவீடு வேண்டும்" என்று சொல்லுங்கள்.

பரிசுக்குத் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டுமா?

கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். சிலவற்றில் சுருக்கம் அனுப்பும்போதே மாணவர் என்று குறிக்க வேண்டும். குறிக்க விட்டிருந்தால் முன்கூட்டியே அமைப்பாளருக்கு எழுதுங்கள், கடைசி நாளில் வேண்டாம். அமர்வு நேரத்தில் டீக்குப் போவதாக இருந்தால் பக்கத்துப் போஸ்டர்காரரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நடுவர் வந்தால் அவர் கூப்பிடுவார்.