நேற்றுத் தயிர் ஒத்துக்கொண்டதே, இன்று டீ மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 33. ஒன்றரை வருடமாகப் பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, உருண்டு, பாத்ரூமுக்கு ஓட வேண்டியிருக்கிறது. பாலில் உள்ள லாக்டோஸ் உங்களுக்குச் சேரவில்லை என்றார் டாக்டர். பாலை விட்டேன். அப்படியும் சில நாள் வயிறு சரியில்லை என்பதால் கோதுமை, பருப்பு, வெங்காயம், முட்டை என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டேன். பல உணவுகளுக்குச் சேர்த்துப் பார்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொண்டேன். அதில் இன்னும் ஒரு நீளமான பட்டியல் கொடுத்துவிட்டார்கள். 4 கிலோ எடை குறைந்துவிட்டது. “நேத்து தயிர் சாப்பிட்டியே, இன்னிக்கு டீ மட்டும் என்ன பண்ணும்?” என்று மாமியார் கேட்கும்போது பதில் சொல்லத் தெரியவில்லை. ஆபீசில் கேக் வெட்டினால் போன் பேசுவதுபோல வெளியே போய் நின்றுகொள்கிறேன். 6 வயது மகளுக்கும் இப்போதே பாலை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் உறுத்தியது அந்த 4 கிலோதான். லாக்டோஸ் செரிக்காததால் மட்டும் பொதுவாக எடை இறங்காது. இத்தனை உணவுகளை விட்டதால் குறைந்திருக்கலாம், அல்லது குடலில் வேறு ஏதாவது இருக்கலாம். எது என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இந்த வாரமே டாக்டரைப் பார்த்து, எடை குறைந்ததையும் என்னென்ன விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காய்ச்சல், ரத்தசோகை இவற்றில் ஏதாவது இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது மாமியாரின் கேள்விக்கு வருவோம். அவர் கேட்டது நியாயமான கேள்வி. குத்தலாகக் கேட்டிருக்கலாம், ஆனால் கேள்வியில் தவறில்லை. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் உங்கள் சாப்பாட்டுப் பிரச்சினையில் பாதி தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

லாக்டோஸ் என்பது பாலில் இருக்கும் சர்க்கரை. சிறுகுடலின் உட்சுவரில் சுரக்கும் லாக்டேஸ் என்ற என்சைம் அதை இரண்டாக உடைத்தால்தான் உடம்பு அதை எடுத்துக்கொள்ள முடியும். குழந்தைப் பருவம் தாண்டியதும் இந்த என்சைம் பெரும்பாலானவர்களுக்குக் குறைந்துகொண்டே வரும். உலகத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு இப்படித்தான். ஆகவே நீங்கள் ஏதோ அபூர்வமான நோயாளி இல்லை. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே தண்ணீரை இழுத்துக்கொள்கிறது, பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. உப்புசம், உருட்டல், ஓட்டம் எல்லாம் அதனால்தான். இது அலர்ஜி இல்லை. பால் அலர்ஜி என்பது பாலின் புரதத்தை நம் நோய் எதிர்ப்புச் சக்தி எதிரியாக நினைத்துத் தாக்குவது. அதில் ஒரு துளிகூட ஆபத்தாக முடியலாம், தோல் தடிக்கும், உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். உங்களுக்கு அப்படி எதுவும் வருவதாக நீங்கள் எழுதவில்லை.

உங்கள் பிரச்சினையில் எல்லாமே அளவுதான். 250 மில்லி பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கிறது. ஒரே தடவையில் அந்த அளவு வரை பெரும்பாலானவர்கள் தொந்தரவே இல்லாமலோ லேசான தொந்தரவோடோ தாங்கிக்கொள்வார்கள் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்னது. எல்லோருக்கும் அதே எல்லை என்று இல்லை. சிலருக்கு 5 கிராமிலேயே வயிறு பேச ஆரம்பித்துவிடும். வெறும் வயிற்றில் குடித்தால் எல்லை இன்னும் இறங்கும், சாப்பாட்டோடு குடித்தால் ஏறும், ஏனென்றால் மற்ற உணவோடு சேரும்போது பால் குடலுக்கு மெதுவாக இறங்குகிறது.

இனி தயிரைப் பாருங்கள். உறைய வைக்கிற பாக்டீரியாக்களே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மீதியைச் செரிக்கும் என்சைமும் அவற்றிடமே இருக்கிறது, நம் குடலுக்குள் போன பிறகும் அது வேலை செய்கிறது. அதனால்தான் தயிர் பலருக்கும் பாலைவிட நன்றாகச் சேர்கிறது. மாதக்கணக்கில் பதப்படுத்திய கெட்டியான சீஸில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. வெண்ணெயில் மிகக் குறைவு. டீயில் சும்மா 30 மில்லி பால் விட்டால் ஒன்றரை கிராம்தான். ஆனால் முழுக்கப் பாலிலேயே கொதிக்கவைத்த ஒரு டம்ளர் டீயில் 7 கிராம் இருக்கும். அதைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்து, 10 மணிக்கு இன்னொன்று குடித்தால்? இப்போது புரிகிறதா, ஒரு நாள் ஒத்துக்கொண்டது மறுநாள் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று? ஆட்டுப்பால், எருமைப்பால் என்று மாற்றிப் பார்க்கச் சொல்வார்கள். அவற்றிலும் லாக்டோஸ் உண்டு. எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் அது போகாது.

ஆகவே வீட்டில் “எனக்குப் பால் ஒத்துக்காது” என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் தயிரில் கைவைத்தால், பார்க்கிறவர்களுக்குச் சாக்குச் சொல்வதுபோலத்தான் தெரியும். அளவைச் சொல்லுங்கள். “அத்தை, பால்ல இருக்கிற சர்க்கரைதான் எனக்குச் செரிக்க மாட்டேங்குது. தயிர்ல அது குறைச்சல், அதனால ஒரு கிண்ணம் தாங்குது. பால் அரை டம்ளர் தாண்டினா வயித்தால போகுது. டீயில கொஞ்சமா விட்டுக் கொடுங்க, குடிக்கிறேன்.” வேண்டாம் என்பதை விட இவ்வளவு போதும் என்பதைக் கேட்டுக்கொள்வது எந்த வீட்டிலும் சுலபம். சமைத்துக் கொடுப்பவருக்கும் தன் கையால் கொடுத்ததை ஒதுக்கிவிட்டாள் என்ற வருத்தம் இருக்காது.

அந்த அளவைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில், உங்களுக்கு நிஜமாகவே லாக்டோஸ்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு ஹைட்ரஜன் மூச்சுப் பரிசோதனை இருக்கிறது. முதல் நாள் இரவிலிருந்து சாப்பிடாமல் போக வேண்டும். 25 கிராம் லாக்டோஸ் கலந்த தண்ணீரைக் குடிக்கச் சொல்வார்கள், அப்புறம் சில மணி நேரத்துக்கு அவ்வப்போது ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். செரிக்காத லாக்டோஸ் பெருங்குடலில் புளித்தால் வரும் ஹைட்ரஜன் மூச்சில் தெரிந்துவிடும். சமீபத்தில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், முடிவு மாறிவிடும்.

வீட்டிலேயே இன்னொன்றும் செய்யலாம். டாக்டர் சரி என்றால், லாக்டோஸ் நீக்கிய பாலும் சாதாரணப் பாலும் வாங்கி, எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் கணவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். லாக்டோஸ் நீக்கிய பால் கொஞ்சம் தித்திக்கும், அதனால் சாதாரணப் பாலில் துளி சர்க்கரை போட்டால்தான் நாக்கு காட்டிக்கொடுக்காது. இரண்டு நாள் இடைவெளி விட்டு, காலைச் சாப்பாட்டோடு அரை டம்ளர். எந்த நாள் எப்படி இருந்தது என்று நீங்கள் குறித்து வையுங்கள், எந்த நாள் எந்தப் பால் என்று அவர் குறித்து வைக்கட்டும். சில தடவை செய்த பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதை நான் ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 1995-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு ஆய்வு வந்தது. பால் தங்களைப் படாதபாடு படுத்துகிறது என்று சொன்ன 30 பேருக்குத் தினமும் காலைச் சாப்பாட்டோடு 240 மில்லி பால் கொடுத்தார்கள். ஒரு வாரம் சாதாரணப் பால், ஒரு வாரம் லாக்டோஸ் உடைக்கப்பட்ட பால், எது எது என்று சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கும் தொந்தரவில் பெரிய வித்தியாசமே இல்லை. அவர்களில் 9 பேருக்கு லாக்டோஸ் நன்றாகவே செரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் மனப்பிரமை என்று சொல்ல வரவில்லை. அவர்கள் வயிற்றுவலி நிஜம், உங்களுடையதும் நிஜம். பழி மட்டும் வேறு எதன்மேலோ போக வேண்டியதாக இருக்கலாம். பயந்துகொண்டே சாப்பிட்டால் அந்தப் பயமே குடலைக் கலக்கிவிடும் என்பதும் உண்மை.

அந்த ரத்தப் பரிசோதனை விஷயத்துக்கு வருகிறேன், இதில் எனக்குக் கோபமே வருகிறது. பல உணவுகளுக்கு ஒரே ரத்த மாதிரியில் பார்ப்பது பெரும்பாலும் ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை அளப்பதுதான். ஒரு உணவை நாம் சாப்பிட்டுப் பழகியிருக்கிறோம் என்பதைத்தான் அது காட்டும். சேராத உணவைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பரிசோதனையின் பேச்சைக் கேட்டு, நன்றாகச் சேர்ந்துகொண்டிருந்த சாப்பாட்டையெல்லாம் மக்கள் விட்டுவிட்டு மெலிந்து போகிறார்கள். உங்களிடம் வாங்கிய காசு போனது போகட்டும், அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

முட்டை சாப்பிட்டு உங்களுக்கு எதுவும் ஆனதாக நீங்கள் எழுதவில்லை. முன்பு அது சேர்ந்துகொண்டிருந்தது என்றால் முதலில் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பருப்பும் வெங்காயமும் கொஞ்சம் வேறு கதை. அவற்றிலும் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலில் புளிக்கிற மாவுச்சத்து உண்டு, லாக்டோஸோடு சேர்ந்து கணக்கைக் கூட்டிவிடும். அவற்றை ஒவ்வொன்றாக, சிறிய அளவில், மூன்று மூன்று நாள் இடைவெளியில் சேர்த்துப் பாருங்கள். ஒரே நாளில் இரண்டைச் சேர்த்தால் எது செய்தது என்று தெரியாமல் மறுபடி எல்லாவற்றையும் விட்டுவிடத் தோன்றும்.

கோதுமையில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் குடல் சுவரையே கெடுக்கும் சீலியாக் என்ற நோய் ஒன்று உண்டு. எடை குறையும், லாக்டோஸும் கூடவே செரிக்காமல் போகும். அதற்கான ரத்தப் பரிசோதனை சரியாக வர வேண்டுமானால் நீங்கள் அந்தச் சமயத்தில் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், பொதுவாக ஆறு வாரமாவது. விட்டுவிட்டுப் போய்ச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். அதனால் டாக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேட்டு, அவர் சொல்கிறபடி கோதுமையைத் திரும்பத் தொடங்குங்கள்.

ஆபீஸ் கேக்குக்கு வருவோம். நீங்கள் வெளியே போய் நிற்பதைப் படித்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு சின்னத் துண்டு கேக்கில் லாக்டோஸ் பெரும்பாலும் அதிகம் இருக்காது, மேலே உள்ள கிரீமை ஒதுக்கினால் இன்னும் குறையும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் உங்கள் அளவுக்குள் அடங்கிவிட நிறைய வாய்ப்பு உண்டு. லாக்டேஸ் மாத்திரையும் கிடைக்கிறது, முதல் வாயோடு போட்டுக்கொள்ள வேண்டும். சாப்பிட்டு முடித்து வயிறு உருண்ட பிறகு போட்டுப் பயனில்லை. சாப்பிட மனசில்லையா, கையில் ஒரு தண்ணீர் பாட்டிலோடு கூட்டத்திலேயே நின்று கைதட்டுங்கள். “எனக்குப் பால் அவ்வளவாகச் சேராது” என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை.

பாக்கெட் உணவில் பால்பவுடர், பால் திடப்பொருள், வே பவுடர் (பால் திரிந்து பிரியும் நீரின் பொடி) என்று போட்டிருந்தால் கவனியுங்கள். கொழுப்பு நீக்கிய பால்பவுடரின் எடையில் ஏறக்குறைய பாதி லாக்டோஸ்தான். பொதுவாக அதிகம் உள்ள பொருளைத்தான் முதலில் எழுதுவார்கள், அதனால் கடைசி வரியில் இருந்தால் பயப்பட வேண்டாம். பல மருந்து மாத்திரைகளிலும் லாக்டோஸ் கலந்திருக்கும். அளவு மிகக் குறைவு, அதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பாலைக் குறைக்கும்போது கால்சியத்தை மறக்கக் கூடாது. உங்கள் வயதில் நாளுக்கு 1,000 மில்லிகிராம் வேண்டும், ஒரு பெரிய டம்ளர் பாலை விட்டால் அதில் சுமார் 300 போய்விடுகிறது. தயிர், சீஸ், எள், முள்ளோடு மென்று தின்னும் சிறு மீன் இவற்றில் ஈடுகட்டலாம். லாக்டோஸ் நீக்கிய பாலில் கால்சியம் குறையாது, கிடைத்தால் அதுவே சுலபமான வழி. தாவரப் பால்களில் கால்சியம் சேர்த்ததாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் மகள். வேண்டாம், நிறுத்தாதீர்கள். அவளுக்குப் பால் குடித்துத் தொந்தரவு வருவதாக நீங்கள் எழுதவில்லை. பின்னாளில் உங்களைப்போல வரலாம், வராமலும் போகலாம். முன்கூட்டியே நிறுத்தி அதைத் தடுக்க முடியாது, வளரும் வயதில் எலும்புக்குக் கிடைக்கிறதைக் கெடுத்துவிடுவோம். எப்போதாவது பால் குடித்த அன்றெல்லாம் வயிறு வலிக்கிறது என்று அவளே சொன்னால், அப்போது குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவளுக்கு முன்னால் தட்டைப் பார்த்துப் பயப்படாமல் சாப்பிடுங்கள், பிள்ளைகள் அதையும் பழகிக்கொள்வார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், அந்தப் பரிசோதனை முடிவுகளை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.