பழைய பாத்டப்பில் அல்லிக் குளம்: வாசகர் கேள்விகளுக்குத் தோட்டக் குழுவின் பதில்

குளியலறையைப் புதுப்பிக்கும்போது கழற்றிப் போடும் பழைய பாத்டப்பைத் தோட்டக் குளமாக்குவது பற்றி தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்துத் தருகிறோம். புரட்டாசி நெருங்குகிறது. நீர்ச்செடி நட நம் ஊரில் இதைவிட நல்ல பருவம் இல்லை.

கேள்வி (சாட்ஸ்வொர்த் வாசகி): ஐயா, வணக்கம். எங்கள் வீட்டில் கழற்றிய வார்ப்பிரும்பு பாத்டப் பின்கட்டில் கிடக்கிறது. மேலே எனாமல் நன்றாகவே இருக்கிறது. அதை எங்கே வைக்கலாம், அடியிலுள்ள ஓட்டையை எப்படி அடைப்பது?

பதில்: முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள் அம்மா. வெறும் வார்ப்பிரும்புத் தொட்டியே 100 முதல் 150 கிலோ இருக்கும். அதில் 150 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் பிடிக்கும், அது இன்னொரு 150 கிலோ. மண்ணும் சரளையும் சேர்ந்தால் மொத்தம் 350 கிலோவைத் தாண்டலாம். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. ஆகவே இடத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் தூக்க ஆள் கூப்பிட வேண்டும். மாடி, பால்கனி, மரப்பலகைத் தளம் எதுவும் வேண்டாம்.

காலை வெயில் 5, 6 மணி நேரம் விழுந்து, பிற்பகல் 2 மணிக்கு மேல் சுவர் நிழல் வரும் இடம் நல்லது. இரும்பு சீக்கிரம் சூடேறும். சூடான நீரில் பிராணவாயு கரையும் அளவு குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிற்கும் இடத்தில் 30 டிகிரியில் ஏழரைதான் நிற்கும். முடிந்தால் பாதி உயரம்வரை மண்ணில் புதையுங்கள். முடியாவிட்டால் வெயில் படும் வெளிப்பக்கத்தை மறைக்கக் கல் அடுக்கலாம், அல்லது செடித்தொட்டிகளை வரிசையாக வைக்கலாம். மாமரத்தடியை விட்டுவிடுங்கள். உதிரும் இலை அடியில் அழுகித் தண்ணீரைக் கறுப்பாக்கும்.

ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்கிலும் பாருங்கள். பாத்டப்பின் அடிப்பகுதி வடிகால் பக்கம் சரிவாகவே வார்க்கப்பட்டிருக்கும், ஆகவே மட்டத்தை விளிம்பில்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் 2 செ.மீ. தாழ்ந்தாலும் தண்ணீர் நிரம்பியதும் பளிச்சென்று தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

இனி ஓட்டை. ரப்பர் அடைப்பானைச் செருகி மேலே சிலிக்கான் பூசுவதுதான் பலர் செய்வது. ஓரிரு கோடை தாங்கும், பிறகு கசியும். பழைய பித்தளை வடிகாலைக் கழற்றிவிட்டு, பிளம்பிங் கடையில் 40 மி.மீ. பிளாஸ்டிக் வடிகால் வாங்கி, மேலும் கீழும் ரப்பர் வாஷரோடு முடுக்குங்கள். கீழே ஒரு மூடியைத் திருகிவிட்டால் போதும். மூடிக்குப் பதில் ஒரு துண்டுக் குழாயும் திறந்து மூடும் பந்து வால்வும் மாட்டினால், பின்னாளில் தொட்டியைக் காலி செய்வது சுலபம். பித்தளையையும் செம்பையும் தண்ணீருக்குள் விடாதீர்கள். செம்பு மிகச் சிறிய அளவிலேயே நத்தையையும் தலைப்பிரட்டையையும் கொல்லும்.

சிலிக்கான் வாங்கும்போது கவனம். குளியலறைச் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது தண்ணீரில் கசியும். மீன்தொட்டிக்கானது என்று குழாயில் எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். பல வருட சோப்புப் படலத்தின் மேல் எந்தச் சிலிக்கானும் ஒட்டாது. சோடா உப்பும் நைலான் பிரஷும் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. ஆழம்தான் இறுகும் என்பதால் ஒரு வாரம் தொடாமல் விடுங்கள்.

பிறகு சோதனை. தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இரண்டு நாள் கழித்துத் தொட்டியிலும் வாளியிலும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்தது. தொட்டியில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. செடி வைத்த பிறகு கசிவைத் தேடுவது பெரும்பாடு.

மேலேயுள்ள வழிதல் துளையை அடைக்காதீர்கள். அதில் சிறு வலையும் ஒரு ஹோஸும் பொருத்திச் செடிப் பாத்திக்கு விடுங்கள். டிசம்பர் மழையில் மீனும் மண்ணும் விளிம்பு தாண்டிப் போகாமல் காப்பது அதுதான். அடியிலிருந்து விளிம்புவரை ஏணி போல ஒரு சொரசொரப்பான கட்டையையோ செங்கல் படியையோ கட்டாயம் வையுங்கள். எனாமல் வழுக்கும், உள்ளே விழுந்த பல்லியும் தவளையும் ஏற முடியாமல் செத்து மிதக்கும்.

உங்களுடையது அக்ரிலிக் தொட்டியாக இருந்தால் வேறு கதை. தண்ணீர்ப் பாரத்தில் அடி தொய்யும், தொய்ந்தால் வடிகால் இணைப்பு பிய்ந்துகொள்ளும். குழி வெட்டி 5 செ.மீ. மணல் மெத்தையில் முழு அடியும் படிய உட்காரவைத்து, உள்ளே தண்ணீர் ஏற ஏற வெளியே மண் தள்ளிக்கொண்டே வாருங்கள். முதலில் மண்ணை மட்டும் போட்டால் பக்கங்கள் உள்வாங்கிவிடும்.

கேள்வி (டோங்காட் வாசகர்): என்ன மண், என்ன செடி, எத்தனை? நர்சரியில் விற்கும் பாட்டிங் கலவை போடலாமா?

பதில்: பாட்டிங் கலவை கூடாது. அதிலுள்ள மரப்பட்டைத் தூள் மிதக்கும், மக்கு அழுகி நாறும், உரம் முழுக்கத் தண்ணீரில் கரைந்து பாசிக்குத் தீனியாகும். தோட்டத்து அடிமண்ணில் களி கலந்தது எடுங்கள். ஒரு பிடி ஈரமண்ணை உருட்டினால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், அதுதான் பக்குவம். வேர், சாணம், இலை எதுவும் கலக்கக் கூடாது. மேலே 2, 3 செ.மீ. கழுவிய சரளை பரப்புங்கள். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், அது வேண்டாம்.

மண்ணைத் தொட்டியின் அடியில் கொட்டாமல், 30 செ.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் கூடையில் போட்டு இறக்குவதே எங்கள் விருப்பம். பிரித்து நடும் காலத்தில் கூடையைத் தூக்கினால் போதும்.

நடுவில் நம் நாட்டு நீல அல்லி ஒன்று. இது நத்தாலின் ஓடைகளில் தானாக வளரும் செடி. ஒரு பாத்டப்புக்கு ஒரே ஒரு அல்லி, இரண்டு வைத்தால் இலை நெருக்கிப் பூ குறையும். நீல அல்லியின் கிழங்கு உருண்டையாக இருக்கும். கூடையின் நடுவில் நிமிர்த்தி நட்டு, குருத்து மட்டும் மண்ணுக்கு வெளியே தெரியவிடுங்கள். நர்சரியில் கிடைக்கும் குளிர்தாங்கும் கலப்பின அல்லிகளின் கிழங்கு இஞ்சி போல நீண்டு படுத்திருக்கும். அதைக் கூடையின் ஓரத்தில் சாய்த்து, குருத்து நடுப்பக்கம் பார்க்க நட வேண்டும். முதலில் செங்கல் அடுக்கிக் குருத்துக்கு மேல் 10 செ.மீ. தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். இலை மேலே வந்து விரிந்தபின் ஒவ்வொரு செங்கலாக எடுத்து 20 செ.மீ. வரை இறக்கலாம். எடுத்த எடுப்பில் அடியில் வைத்தால் இளங்குருத்து வெளிச்சம் எட்டாமல் அழுகும்.

சாய்வான முனையில் குட்டி பாப்பிரஸ் கோரை ஒரு கூடை, அரம் லில்லி ஒரு கூடை. வேரின் மேல் 5 செ.மீ. தண்ணீர் போதும். நாணல் வகையில் டைஃபாவை மட்டும் தொட வேண்டாம், ஒரே கோடையில் தொட்டியையே அடைத்துவிடும்.

தண்ணீருக்குள் மூழ்கி வளரும் செடிதான் குளத்தைத் தெளிவாக வைப்பது. நம் நாட்டு லாகரோசிஃபான் 3, 4 கொத்து போடுங்கள். இதைப் போலவே இருக்கும் தென் அமெரிக்க எகேரியா இங்கே தடை செய்யப்பட்டது. தண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள்: லாகரோசிஃபானில் இலைகள் தண்டைச் சுற்றித் திருகுப்படி போல ஏறி, நுனி பின்பக்கமாகச் சுருண்டிருக்கும். எகேரியாவில் ஒரே கணுவில் நான்கைந்து இலை வட்டமாக, நேராக நிற்கும்.

உர மாத்திரையை அல்லி வேரூன்றியபின் மண்ணில் 10 செ.மீ. ஆழம் அழுத்திச் செருகுங்கள். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை ஆறு வாரத்துக்கு ஒன்று. மேலாக வைத்தால் தண்ணீர் பச்சையாகும்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகர்): குளம் அமைத்து இரண்டு வாரம்தான் ஆகிறது, தண்ணீர் கீரை அரைத்த மாதிரி பச்சையாகிவிட்டது. மாற்றிவிடலாமா, மருந்து போடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். புதுக் குளம் பச்சையாவது இயல்பு. மண்ணிலிருந்து கரைந்த சத்தைத் தின்று பாசி முந்திக்கொள்கிறது, செடிகள் இன்னும் வேர் பிடிக்கவில்லை. நீங்கள் தண்ணீரை மாற்றினால் குழாய் நீரோடு புதுச் சத்தும் வரும், பாசி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மருந்து போட்டுப் பாசியை ஒரேயடியாகக் கொன்றால் அது அழுகும்போது இருக்கும் பிராணவாயு தீரும். அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மூடும் வரை, சுமார் ஆறு வாரம், பொறுத்திருங்கள். மூழ்கு செடியை இன்னும் இரண்டு கொத்து சேர்க்கலாம். நூல் நூலாகப் படரும் பாசி வந்தால் சொரசொரப்பான குச்சியை விட்டுச் சுற்றுங்கள், நூல்கண்டு போலச் சுருண்டு வரும். எடுத்ததைக் குளத்தோரம் ஒரு ராத்திரி வைத்துவிட்டு, உள்ளிருக்கும் பூச்சிகள் தண்ணீருக்குத் திரும்பியபின் உரக்குழியில் போடுங்கள்.

கோடையில் குறையும் நீரை மழைநீரால் நிரப்புவதே சிறப்பு. குழாய் நீர் என்றால் வாளியில் இரண்டு நாள் திறந்து வைத்து குளோரின் போனபின் ஊற்றுங்கள். உங்கள் ஊர் நீரில் குளோரமின் கலப்பதானால் அது இப்படிப் போகாது, மீன்கடையில் குளோரின் நீக்கி வாங்கிக் கலக்க வேண்டும்.

கேள்வி (மெரிபேங்க் வாசகி): தைப்பூசத்துக்குக் கோயிலில் வைக்க வீட்டுத் தாமரை வேண்டும் என்று ஆசை. பாத்டப்பில் பூக்குமா?

பதில்: பூக்கும் அம்மா, ஆனால் தாமரைக்குத் தனித்தொட்டி கொடுங்கள். அல்லியோடு சேர்த்தால் தாமரை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. களிமண் 15 முதல் 20 செ.மீ. ஆழம், அதன்மேல் 10 செ.மீ. தண்ணீர். கிழங்கின் முளை நுனி ஒடிந்தால் அந்தக் கிழங்கு வீண், ஆகவே தொடும்போது பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குங்கள். மண்ணின்மேல் படுக்கவைத்து, நுனியை வெளியே விட்டு, உடல்மேல் லேசாக மண் மூடி ஒரு கல் வைத்தால் மிதக்காது. கூடையில் நடுவதானால் வட்டக் கூடை. சதுர மூலையில் ஓடும் தண்டு முட்டி நின்றுவிடும்.

புரட்டாசியில் கிழங்கு நட்டால் தைப்பூசம் வரும் ஜனவரி, பிப்ரவரியில் பூக்க வாய்ப்புண்டு. உறுதி சொல்ல இரண்டாம் கோடை ஆகவேண்டும். விதையிலிருந்து வளர்த்தால் அதற்கும் மேல். விதையின் கருந்தோலை ஒரு முனையில் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்தி, வெதுவெதுப்பான நீரில் போட்டுத் தினமும் நீர் மாற்றுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் முளைக்கும்.

குரங்குக் கூட்டம் வரும் தெருவானால் மொட்டு வந்ததும் வலைக்கூண்டு போடுங்கள். ஒரே காலையில் எல்லா மொட்டையும் பறித்துப் போட்டுவிடும்.

கேள்வி (ஐசிபிங்கோ வாசகர்): அண்டை வீட்டார் ஊதாப் பூ பூக்கும் ஒரு மிதக்கும் செடி கொடுத்தார். தண்டு நடுவில் பலூன் போல உப்பியிருக்கிறது. விடலாமா?

பதில்: அது வெங்காயத் தாமரை. ஹார்ட்பீஸ்பூர்ட் அணையைப் பல வருடம் மூடிக்கிடந்தது இதுதான். 2004ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் 1பி பிரிவில் வருகிறது. வளர்ப்பதும் விற்பதும் கைமாற்றுவதும் குற்றம். ஆகாயத்தாமரை, சால்வினியா, சிவப்பு அசோலா, பேரட் ஃபெதர் ஆகியவையும் அதே பிரிவு. சிமெண்டுத் தரையில் மொறுமொறுவென்று காயவைத்துப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். சாக்கடையிலோ ஓடையிலோ போட்டால் ஆற்றுக்குப் போய்ச் சேரும். கொடுத்தவருக்கும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (வெருலம் வாசகி): கொசு வராதா? மீன் விடலாமா? பேரப்பிள்ளைகள் வேறு ஓடியாடும் வீடு.

பதில்: பிள்ளைகள் விஷயத்தை முதலில் முடிப்போம். சில அங்குலத் தண்ணீரே சிறு குழந்தைக்கு ஆபத்து. விளிம்புக்கு 5 செ.மீ. கீழே, தொட்டியின் முழு நீளத்துக்கும் கால்வனைஸ் செய்த பற்றவைத்த கம்பிவலை, கண் 5 செ.மீ., கம்பி தடிமன் 3 மி.மீ., செங்கல் மேல் தாங்கலாக உட்காரவையுங்கள். குழந்தை ஏறி நின்றாலும் தொய்யக் கூடாது. கோரையும் அல்லி இலையும் அதன் வழியே தாமாக மேலே வரும்.

கொசு புதுத் தண்ணீரில்தான் அதிகம் முட்டையிடும். இரண்டு மூன்று மாதத்தில் தும்பிப் புழுவும் முதுகில் நீந்தும் பூச்சியும் வந்து சேரும், அவை கொசுப்புழுவை விட்டுவைக்காது. அதுவரை பிடிஐ என்ற பாக்டீரியா மாத்திரையை உறையில் சொன்ன அளவில் போடுங்கள். கொசுப்புழுவைக் கொல்லும், மீனையும் தவளையையும் தொடாது.

மீன் அவசியமில்லை. ஆசை இருந்தால் கடையில் வாங்கிய சிறுமீன் 4 போதும். தங்கமீன் வளர்ந்து பெரிதாகி அழுக்கும் சேர்க்கும். கம்பூசியா என்ற கொசுமீன் தும்பிப் புழுவையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும், விடாதீர்கள். இரவில் செடிகளும் பிராணவாயுவைத்தான் எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் மீன் அதிகம், அல்லது தீனி அதிகம். ஐந்து நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு மேல் போடாதீர்கள். கரண்ட் போகும் ஊரில் பம்பை நம்பி மீனை நிறைத்து வைப்பது சரியல்ல. அல்லிக்கும் அசையாத நீர்தான் பிடிக்கும். ஹடீடா பறவை வந்து மீனைக் கொத்தும், அதற்கும் அந்தக் கம்பிவலை உதவும். தவளை வந்தால் அதைத் தேடி நைட் ஆடர் பாம்பும் வரலாம். தொட்டியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டி, குப்பைக் கற்குவியல் இல்லாமல் வையுங்கள்.

கேள்வி (லெனேசியா வாசகர்): எங்கள் ஊரில் ஜூன், ஜூலையில் உறைபனி. செடி தாங்குமா?

பதில்: அல்லிக் கூடையை மே மாதத்தில் தொட்டியின் அடியில் இறக்கி, பழுத்த இலைகளை வெட்டிவிடுங்கள். மேலே மெல்லிய பனித்தகடு படிந்தாலும் கிழங்கு உறையாது. புதிதாக வாங்குவதானால் குளிர்தாங்கும் கலப்பின அல்லியே உங்களுக்கு ஏற்றது. மீன் இருந்தால் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனதும் தீனியை நிறுத்துங்கள். ஆகஸ்ட் முடிந்து புது இலை மேலே எட்டிப்பார்த்ததும் கூடையை மறுபடி செங்கல்மேல் ஏற்றலாம்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி): ஓரத்தில் மதும்பியும் (சேப்பங்கிழங்கு) வல்லாரையும் வைத்துச் சமையலுக்கு எடுக்கலாமா?

பதில்: இரண்டும் ஈரத்தில் செழித்து வளரும். ஆனால் பழைய எனாமலிலும் பழைய இணைப்புகளிலும் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அந்தத் தண்ணீரில் வளர்ந்ததை உண்ண வேண்டாம். மதும்பியைத் தொட்டியின் வெளிப்பக்கத்தில் தனிப் பாத்தியில் நட்டு, குழாய் நீரோ மழைநீரோ விட்டு வளருங்கள். வழிதல் ஹோஸை அந்தப் பாத்திக்கு விடாமல் பூச்செடிப் பக்கம் திருப்பிவிடுங்கள்.