முக்காடு போட்டதற்கு மெமோ

கேள்வி: தமிழக அரசின் வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். சேலையோடு முக்காடு போட்டுத்தான் ஆறு வருடமாக வேலைக்குப் போகிறேன். புதிதாக வந்த அதிகாரி, உடைக் கட்டுப்பாட்டை மீறியதாக மெமோ கொடுத்து, ஏழு நாளில் விளக்கம் கேட்கிறார். மத உரிமை என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. முதல் பத்தியிலேயே மதச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவைத் தூக்கி வைத்தால், முக்காடு உங்கள் மதத்தில் இன்றியமையாததா என்ற வழக்குக்குள் நீங்களே போய் விழுவீர்கள். கர்நாடக மாணவியர் ஹிஜாப் வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். அந்தச் சிக்கல் உங்களுக்கு எதற்கு?

எந்த விதியை மீறினேன் என்று கேளுங்கள். 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்காக வந்த உடை அரசாணை பெண்களுக்குச் சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் என்கிறது. நீங்கள் கட்டுவது சேலை. தலையை மூடக்கூடாது என்று அதில் எந்த வரியும் இல்லை.

இந்த மாதிரி வழக்குகளில் எழுத்தில் உள்ள விதிதான் முடிவு செய்கிறது. தாடி வைத்த விமானப்படை வீரர் 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். படையின் விதி அவருக்கு இடம் தரவில்லை. மதுரையில் தாடிக்காகத் தண்டிக்கப்பட்ட காவலருக்கு 2024-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. முஸ்லிம் காவலர்கள் தாடி வைக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டு போலீஸ் கெசட்டிலேயே இருந்தது. சீருடைப் படைக்கே இப்படி. உங்களுக்குச் சீருடையே கிடையாது.

விளக்கத்தை ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மெமோ எண், தேதி, அரசாணையின் நகல், ஆறு வருடமாக யாரும் ஆட்சேபிக்கவில்லை என்ற விவரம், மீறியதாகச் சொல்லும் விதியின் நகல் வேண்டும் என்ற கோரிக்கை. 25-வது பிரிவு கடைசி வரியில் வந்தால் போதும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். 'வாய்மொழியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்று யாராவது சொன்னாலும் ஏழு நாளைத் தவறவிடாதீர்கள். பதில் வராவிட்டால் உங்களிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று குறித்துவிடுவார்கள்.

இப்போதே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட ஓடாதீர்கள். விளக்கம் கேட்கும் கட்டத்தில் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைக்கான 17(அ) விதியில் கண்டனமோ ஊதிய உயர்வு நிறுத்தமோ வந்தால், முதலில் மேலதிகாரியிடம் மேல்முறையீடு, பிறகு அரசியல் சட்டத்தின் 226-வது பிரிவில் அந்த ரிட் மனு.

முகத்தையும் மூடுகிறீர்களென்றால் கதை வேறு. அடையாள அட்டையும் மனு கொடுக்க வரும் மக்களும் நடுவே வருவார்கள். அதற்கு இந்தப் பதில் பொருந்தாது.